நாடியும் நீதியும்

நாடி பிடித்து நோய் காண்பது மருத்துவனின் பழந்தொழில். விரல் உணர்ந்ததைக் கருவி எழுதத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டிலேதான். பிரெஞ்சு உடலியலறிஞர் எத்தியேன் யூல் மாரே, 1860ஆம் ஆண்டளவில், மணிக்கட்டிற் கட்டும் நாடிவரைகருவி ஒன்றை அமைத்தார். துடிப்புக்கேற்ப ஒரு நெம்பு அசைந்து, புகைக்கரி படிந்த தாளில் அலைக்கோடு கீறியது. இன்று கைக்கடிகாரத்துள் இருந்து இதயத்துடிப்பை எண்ணும் உணரிக்கு அதுவே மூதாதை எனலாம்.

நோயாளியின் பொருட்டுப் பிறந்த இக்கலை மருத்துவமனையோடு நின்றுவிடவில்லை. 1921இல், ஐக்கிய அமெரிக்காவின் பேர்க்லி நகரப் பொலிஸிற் பணியாற்றிய ஜோன் லார்சன், இரத்த அழுத்தத்தையும் சுவாசத்தையும் தொடர்ந்து பதியும் பொறியொன்றைச் சந்தேக நபர்களை விசாரிக்கப் பயன்படுத்தினார். 'பொய்யறி கருவி' என உலகம் இத்தகைய பொறிகளுக்குப் பெயர் சூட்டியது. உண்மையில் அப்பொறி அறிந்தது பொய்யை அன்று; இதயத்தின் விரைவையும் மூச்சின் தடுமாற்றத்தையுமே. குற்றவாளியின் இதயம் மட்டுமா விரைந்து துடிக்கும்? அதிகாரத்தின் முன் நிறுத்தப்பட்ட நிரபராதியின் இதயமும் அவ்வாறே துடிக்குமன்றோ?

1923இல் வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்த அழுத்தச் சோதனையைச் சான்றாக ஏற்க மறுத்தது. ஆயினும், நீதிமன்றம் அடைத்த வழியை முதலாளிகள் திறந்துவிட்டனர். வங்கிகளும் வணிக நிலையங்களும் தம் ஊழியரைப் பொறியோடு பிணைத்துச் சோதித்தன. வயிற்றுப் பாட்டுக்காக வேலை தேடி வந்தவன் தன் நாடியையும் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. 1988இல் இயற்றப்பட்ட சட்டமே தனியார் தொழில் வழங்குநரிற் பெரும்பாலோர் இச்சோதனை நடத்துவதைத் தடுத்தது. லார்சனின் பொறி தோன்றி அதற்குள் 67 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பொறி அதற்குள் புதுவடிவம் பெறலாயிற்று. 1997இல் அமெரிக்கப் பேராசிரியை ரோசலிண்ட் பிகார்ட், மனவுணர்வை அறியும் கணினிகள் பற்றி நூலொன்று வெளியிட்டார். வியர்வையால் மாறும் தோலின் மின்கடத்துதிறனையும் முகத்தசையின் அசைவையும் இன்று உணரிகளும் கமராக்களும் பதிகின்றன. ஆனால், முக அசைவை மட்டும் கொண்டு ஒருவர் மனநிலையை உறுதியாகக் கூறவியலாது என்பதை, லீசா பெல்ட்மன் பரெட்டும் துணை ஆய்வாளரும் 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிக் காட்டினர். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மருத்துவ, பாதுகாப்புத் தேவைகள் நீங்கலாக, வேலைத்தலத்திலும் கல்விக்கூடத்திலும் மனவுணர்வை ஊகிக்கும் பொறிகளை விலக்கியது. 2025 பெப்ரவரியில் அத்தடை நடைமுறைக்கு வந்தது.

வேலைத்தலமும் கல்விக்கூடமும் அச்சட்டத்தில் ஒருங்கே குறிக்கப்பட்டமை பொருத்தமே. இரண்டிடத்தும் ஒருவர் மதிப்பிடுகிறார். மற்றவர் மறுக்க அஞ்சி அடங்கியிருக்கிறார். வகுப்பிலே தலைகவிழ்ந்திருக்கும் மாணவனைப் பொறி 'கவனமற்றவன்' எனக் குறித்துவிடும். அவன் காலையில் உண்டானா, இரவில் உறங்கினானா என்பதை அருகிருந்து கேட்டறிய வேண்டியவர் ஆசிரியரேயாவர்.

கருவியை வெறுப்பது நம் நோக்கமன்று; இதயத்தின் ஒழுங்கீனத்தை உணரி முன்கூட்டியே காட்டுமாயின் அது நன்மையே. ஆனால், நாடியைப் பிடிப்பவர் எவர், எவர் நலனுக்காகப் பிடிக்கிறார், கையை விலக்கிக்கொள்ளும் உரிமை நாடிக்குரியவனுக்கு உண்டா என்னும் வினாக்களை நாம் எழுப்பியே ஆகவேண்டும்.