செக்கர் இல்லாமல் போட்ட கையெழுத்து

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு ‘மேக்கர் - செக்கர்’ என்பது பாலபாடம். ஒருவர் பதிவு போடுவார், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பார். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் ஆடிட்டர் விடமாட்டார். இருபது வருடமாக இந்த இரண்டு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்தவன் நான்.

இங்கே புனேயில் எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்ப் பெண்மணி இருக்கிறார். கணவருக்கு மாற்றல் வந்ததும் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். இப்போது வீட்டிலிருந்தபடியே பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு புத்தகங்களுக்கு எடிட்டிங், பிழைதிருத்தம் செய்கிறார். “காசு குறைச்சல்னாகூடப் பரவாயில்லை சார். நான் செஞ்சது சரியா தப்பான்னு சொல்ல ஆள் இல்லை. அப்புறம் எப்படிக் கத்துக்கறது?” என்றார் ஒருநாள். அவருக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சி.வை. தாமோதரம் பிள்ளை. நம்மைப் போலவே ஊரை விட்டு வந்து உத்தியோகம் பார்த்தவர். யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்து, வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர். பெர்சிவல் பாதிரியார் அழைத்ததால் ‘தினவர்த்தமானி’ பத்திரிகையை நடத்தச் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவரில் ஒருவர். இன்னொருவர் அவருடைய ஆசிரியர் விசுவநாத பிள்ளை! பிறகு கள்ளிக்கோட்டையில் வாத்தியார் வேலை. அப்புறம் சென்னையில் அரசாங்கக் கணக்குத் துறையில் அதிகாரி. இடையில் 1871-இல் பி.எல். வேறு. ஓய்வுக்குப் பின் கும்பகோணத்தில் வக்கீல், புதுக்கோட்டையில் நீதிபதி.

இதில் எங்குமே ‘பதிப்பாசிரியர்’ என்ற உத்தியோகம் இல்லை என்பதைக் கவனியுங்கள். சோறு போட்டது கணக்கும் சட்டமும். பதிப்பு வேலை மிச்ச நேரத்தில், சொந்தப் பொறுப்பில்.

அந்த வேலை லேசுப்பட்டதும் இல்லை. முதலில் ஏடு தேட வேண்டும். கிடைத்த ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா என்று தெரியாது. செய்யுளும் உரையும் இடைவெளி இல்லாமல் ஒரே ஓட்டமாக ஓடும். எங்கே பிரிப்பது, நாலு பிரதியில் நாலு விதமாக இருந்தால் எதைக் கொள்வது என்பதெல்லாம் பதிப்பிப்பவர் தீர்மானம். தொட்டாலே ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் ஏடு முறிகிறது என்று அவரே ஒரு பதிப்புரையில் புலம்பியிருக்கிறார். இதையெல்லாம் தாண்டி அச்சுக்குப் போனால் புரூஃப் பார்க்க வேண்டும், காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் பணம் புரட்ட வேண்டும்.

1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டார். அதைப் பரிசோதித்துக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். பிழையில்லாத பதிப்பு என்றால் அன்றைக்கு நாவலர் பதிப்புதான். ஆக, தாமோதரம் பிள்ளை மேக்கர், நாவலர் செக்கர். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

நாவலர் 1879-இல் காலமானார். செக்கர் நாற்காலி காலி.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கையில் நல்ல உத்தியோகம் இருந்தது. அவருக்குப் பிறகுதான் வேகம் வந்தது! 1881-இல் வீரசோழியம், 1883-இல் இறையனார் அகப்பொருள், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை, 1889-இல் சூளாமணி. பெரிய பண்டிதர்கள் பெயர் கெட்டுவிடுமோ என்று தயங்குகிறார்கள், ஏடுகளோ அதுவரை காத்திருக்காது, அதனால் நான் துணிந்தேன், குறை கண்டால் திருத்துங்கள் என்பதுதான் அவர் பதிப்புரைகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் குரல். செக்கர் வேலையை வாசகர்களிடம் ஒப்படைத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிழை வந்ததா? வந்தது. 1885 பதிப்பில் பொருளதிகாரம் முழுவதற்கும் நச்சினார்க்கினியர் உரை என்று போட்டிருந்தார். அதன் கடைசி நான்கு இயல்களுக்கு அங்கே இருப்பது பேராசிரியர் உரை என்று, அவர் காலமானதற்குப் பிறகு, ரா. இராகவையங்கார் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழில் எடுத்துக்காட்டினார். சின்னத் தவறு இல்லை. ஒரு பெரிய உரையாசிரியரின் பெயரே மாறிப்போயிருக்கிறது. ஆனால் இராகவையங்கார் எதை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடித்தார்? அச்சாகி எல்லோர் கைக்கும் போயிருந்த அந்தப் பதிப்பு இருந்ததால்தானே! யார் வீட்டுப் பரணிலோ அந்த ஏடு கிடந்து செல்லரித்திருந்தால் யார் உரை என்ற கேள்வியே எழுந்திருக்காது. பிழையோடு வந்தது, அதனால் பிழைத்தது.

ஆடிட்டர் கண்ணோடு பார்த்தால் இது விதிமீறல்தான் :-) வங்கியில் நான் இதை அனுமதிக்க மாட்டேன். அங்கே பதிவு ஒரு நாள் தாமதித்தால் குடி முழுகாது. ஏட்டுக்கு அந்த அவகாசம் இல்லை.

நம் பெண்மணிக்கு இதிலிருந்து நான் சொன்னது இரண்டு விஷயம். முடிந்தவரை முதல் சில புத்தகங்களுக்கு ஒரு நாவலரைத் தேடிப் பிடியுங்கள்; பாதிக் கூலி போனாலும் பரவாயில்லை. அப்புறம், ஒவ்வொரு புத்தகத்திலும் எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன், எதில் சந்தேகம் என்று குறித்து வைத்து, எழுதியவரிடமே கொடுங்கள். நாளைக்கு ஒருவர் தப்பு என்று சொன்னால் அதுதான் பாடம்.

1901 ஜனவரி முதல் தேதி சென்னையில் காலமானார் தாமோதரம் பிள்ளை. அவருடைய பதிப்புரைகள் ‘தாமோதரம்’ என்ற பெயரில் தொகுப்பாக வந்திருக்கின்றன. நடை பழையது, முதல் பத்துப் பக்கம் கஷ்டப்படுத்தும். விடாமல் படியுங்கள். வீட்டில் உட்கார்ந்து இந்த வேலை பார்ப்பவர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.