பொரிப்பகக் கணக்கும் கடல் கணக்கும்

சென்னைக் கரையில் பங்குனி ஆமையின் முட்டைகளைத் திரட்டிப் பொரிப்பகத்தில் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடும் பணி 1970களில் தொடங்கியது. 1988 முதல் மாணவர் அமைப்பொன்று அதை முன்னெடுத்துவருகிறது. நாய் தோண்டாமலும், கரையோர விளக்கொளியில் குஞ்சுகள் திசைமாறாமலும் இருப்பது இந்த உழைப்பால்தான். ஆனால் விடப்பட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையையே இனம் பெருகுவதற்குச் சான்றாகக் காட்டுவது ஏற்கத்தக்கதன்று. 2025 சனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. கழுத்து வீங்கி, கண் பிதுங்கிக் கிடந்த உடல்கள், இழுவை மடிக்குள் சிக்கி மூச்சுமுட்டியதையே காட்டின. காற்றும் நீரோட்டமும் தள்ளிவந்தவை மட்டுமே கரைசேரும் என்பதால், உண்மையான சாவு கரையில் எண்ணியதைவிடக் கூடுதல்.

ஒரு பொந்தில் நூறு முட்டைக்கு மேல் இருந்தாலும், குஞ்சு முட்டையிடும் பருவத்தை எட்டப் பத்தாண்டுக்கு மேலாகும். அதற்குள் பெரும்பாலானவை மடிந்துவிடும். எனவே வளர்ந்த ஒரு பெண்ணாமையின் இழப்பைச் சில நூறு குஞ்சுகளால் ஈடுகட்ட முடியாது. அமெரிக்காவின் பெருந்தலை ஆமைகளைப் பற்றி குரூஸ், குரோடர், காஸ்வெல் ஆகியோர் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டே காட்டியது: முதலாண்டில் ஒன்றுகூடச் சாகாவிட்டாலும் சரிவு நிற்காது, பெரிய இளம் ஆமைகளின் சாவைக் குறைத்தால்தான் இனம் மீளும். மெக்சிகோவின் ராஞ்சோ நுவேவோவைக் காட்டி இதை மறுப்பவர் உண்டு. 1947இல் ஒரே நாளில் சுமார் 40,000 கெம்ப் ஆமைகள் கரையேறியதாக மதிப்பிடப்பட்ட அந்த இடத்தில் 1966 முதல் முட்டைகள் காக்கப்பட்டன. பின்னர் இனம் மீண்டது. வாதத்தில் பாதி உண்மை. ஆனால் பத்தொன்பது ஆண்டுக் காவலுக்குப் பின்னும், 1985இல் பதிவானவை 702 பொந்துகளே. இறால் மடிகளில் ஆமை விலக்குக் கருவி கட்டாயமான பிறகுதான் ஏற்றம் வலுத்தது. முட்டைக் காவல் தளராத 2010இல் எண்ணிக்கை திடீரென விழுந்ததையும் மறக்கலாகாது.

இரண்டாவது மறுப்பு மீனவர் தரப்பிலிருந்து வருவது: விலக்குக் கருவியால் மீனும் தப்பிவிடும் என்பது. அதில் நியாயமும் உண்டு. அக்கருவி மடியின் வால்பகுதிக்கு முன் சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டம்: மீனும் இறாலும் கம்பி இடுக்கில் நுழைந்துவிடும், ஆமை மோதித் திறப்பு வழியே வெளியேறும். பெரிய மீனும் கொஞ்சம் தப்பும் என்பது பொய்யன்று. ஆனால் கருவி இல்லாததைக் காரணம்காட்டி இந்தியக் கடல் இறாலை அமெரிக்கா 2019 முதல் வாங்காததும் இழப்புத்தானே? தவிர, விசைப்படகுகள் கரையோரத்தில் மடியிழுக்கக் கூடாது எனத் தடுக்கும் 1983ஆம் ஆண்டுச் சட்டம் முறையாக நடந்தால், முதலில் ஆதாயம் அடைவது நாட்டுப்படகுக்காரரே. ஆனால் அவர்கள் போடும் திருக்கை வலையிலும் ஆமை மாட்டுகிறது. அதை மறைத்து விசைப்படகை மட்டும் குற்றஞ்சாட்டுவது ஆய்வாகாது. ஒதுங்கும் ஒவ்வோர் உடலின் பால், ஓட்டின் நீளம், தேதி, இடம் ஆகியவற்றை அந்நாளின் காற்றோடும் படகுத் தடங்களோடும் பொருத்திப் பார்த்தால், எந்த வலை எவ்வளவு கொல்கிறது என்பதை மதிப்பிடத் தொடங்கலாம்.