பெட்டியில் பூட்டிய வைத்தியம்

பாவாடைக்கு நாடா கோப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாடாவின் முனையில் ஓர் ஊக்கைக் குத்தி, மடிப்புக்குள் நுழைத்து, துணியைச் சுருக்கிச் சுருக்கி நகர்த்தி, மறு வாயில் வெளியே இழுத்துவிடுகிறோம். மூளையில் நீர் கோத்துக்கொண்ட குழந்தைக்கு ரண சிகிச்சை டாக்டர் செய்வதும் ஏறக்குறைய இந்தக் காரியந்தான். தலையிலிருந்து வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போகவேண்டும். அது தோலுக்கு அடியிலேயே போகவேண்டும். அதற்காக உச்சி முதல் தொப்புள் வரை கீறிக்கொண்டே போகமுடியுமா? நீண்ட உலோகக் கம்பி ஒன்றைத் தோலடியில் செலுத்தி, கழுத்து, மார்பு வழியாகச் சுரங்கமிட்டு, அந்த வழியே குழாயை இழுத்துவிடுகிறார். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு கீறல்களோடு வேலை முடிந்துவிடுகிறது.

இம்மாதிரி சுரங்கமிடும் கருவிகளுக்கு 'பேடண்ட்' என்னும் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். நாடா கோக்கும் ஊக்குக்குக்கூட உரிமையா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் கம்பியின் முனை கூராக இருந்தால் ரத்தக் குழாயைக் கிழித்துவிடும். மழுங்கலாக இருந்தால் நுழையாது. வளையாவிட்டால் காறையெலும்பைத் தாண்டாது. அதிகம் வளைந்தால் வழி தவறும். இதில் ஒருவர் மூளையைச் செலவழித்துப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் அதற்கு விலை கேட்பது நியாயந்தானே? நியாயந்தான் என்று சொல்லிவிட்டு மேலே போக மனம் வருவதில்லை. துடித்துக்கொண்டு கிடப்பவனுக்கும் அவனைக் காப்பாற்ற வரும் கைக்கும் நடுவே ஒரு விலைச்சீட்டு தொங்கலாமா என்ற கேள்வி குறுக்கே நிற்கிறது. அது நானூறு வருஷத்துப் பழைய கேள்வி.

1569-ஆம் ஆண்டில் வில்லியம் சேம்பர்லென் என்ற பிராடெஸ்டண்டு மதத்தினர், பிரான்சு தேசத்தில் மதக் கொடுமை தாங்காமல் இங்கிலாந்துக்கு ஓடிவந்தார். தம் பிள்ளைகளில் இரண்டு பேருக்குப் பீட்டர் என்றே பெயர் வைத்தார். சரித்திர ஆசிரியர்களைக் குழப்பவேண்டும் என்று அப்போதே சங்கற்பம் செய்துகொண்டாரோ என்னவோ! மூத்த பீட்டர் லண்டனில் பிரசவம் பார்ப்பதில் பெரும் பெயர் எடுத்தார். முதலாம் ஜேம்ஸ் மன்னரின் ராணிக்கே வைத்தியம் பார்த்தவர்.

அந்தக் காலத்தில் குழந்தையின் தலை வழியில் சிக்கிக்கொண்டால் கதி என்ன தெரியுமா? மருத்துவச்சி கையை விரித்துவிடுவாள். ரண வைத்தியரை அழைப்பார்கள். அவர் கொக்கியோடு வருவார். குழந்தையைத் துண்டு துண்டாக எடுத்துத் தாயையாவது பிழைக்கவைக்கப் பார்ப்பார். ரண வைத்தியர் வாசற்படி ஏறினால் குழந்தை உயிரோடு வராது என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவார்கள். சேம்பர்லென்கள் வந்த வீட்டில் மட்டும் குழந்தையின் அழுகுரல் கேட்டது.

அவர்கள் வரும்போது பொன் முலாம் பூசிய பெரிய பெட்டி ஒன்றை இரண்டு ஆட்கள் தூக்கிவருவார்களாம். உள்ளே ஏதோ பிரம்மாண்டமான யந்திரம் இருப்பதாக ஜனங்கள் நினைத்துக்கொள்ளவேண்டும் என்பதற்காக! கர்ப்பிணியின் கண்ணைக் கட்டிவிடுவார்களாம்; உறவினர் எல்லோரும் வெளியே போய்விடவேண்டுமாம். இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் உள்ளே இருந்தது என்ன? இரண்டு வளைந்த இரும்புக் கரண்டிகள். ஒவ்வொன்றாக உள்ளே செலுத்தி, குழந்தையின் தலைக்கு இரு பக்கமும் அணைத்து, பிறகு ஒன்றோடொன்று பொருத்தி இழுக்கும் இடுக்கி. இன்றைக்கு 'ஃபோர்செப்ஸ்' என்கிறோமே, அதேதான்.

நம் ஊர்ப் பரம்பரை வைத்தியர்களும் பச்சிலையின் பெயரை லேசில் சொல்லமாட்டார்கள். சொன்னால் பலிக்காது என்பார்கள். பச்சிலை ஒன்றுக்கு இன்னொன்று மாற்றாக அகப்படும். இடுக்கிக்கு மாற்று இல்லை. ஒரு குடும்பத்தார் ஓர் இரும்பைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்ததனால் ஐரோப்பா முழுவதும் எத்தனை தாய்மார், எத்தனை சிசுக்கள் மாண்டிருப்பார்கள் என்று கணக்குப் போட நமக்குத் துணிவு இல்லை.

இந்த வமிசத்தில் வந்த ஹியூ சேம்பர்லென் 1670-ல் ரகசியத்தை விற்கப் பாரிசுக்குப் போனார். அங்கே மோரிசோ என்பவர் பிரசவ சாஸ்திரத்தில் பெரிய புள்ளி. அவர் கெட்டிக்காரர். "முதலில் செய்து காட்டும்" என்று, பிரசவிக்க முடியாமல் கிடந்த ஒரு குள்ள ஸ்திரீயைக் காட்டினார். இடுப்பெலும்பு கோணிப்போனவள். கால் மணிகூட ஆகாது என்று ஹியூ கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று மணி நேரம் போராடியும் முடியவில்லை. அந்தப் பெண் இறந்துபோனாள். வியாபாரமும் முறிந்தது. இரண்டு பண்டிதர்கள் பேரம் பேசிய இடத்தில் பணயமாக வைக்கப்பட்டவள் அவள். அவள் பெயர் மட்டும் சரித்திரத்தில் இல்லை.

ஹியூ வெறுங்கையோடு திரும்பவில்லை. மோரிசோவின் புத்தகத்தைக் கொண்டுவந்து 1672-ல் இங்கிலீஷில் மொழிபெயர்த்து வெளியிட்டார். முன்னுரையில், எங்கள் குடும்பத்திடம் ஓர் உபாயம் இருக்கிறது, அதை வெளியிட்டால் அதனால் ஜீவனம் நடத்தும் என் தகப்பனாருக்கும் சகோதரர்களுக்கும் நஷ்டம், ஆகையால் சொல்வதற்கில்லை என்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். இதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் படிக்கிறவனை உறுத்துகிறது.

இந்த இடத்தில் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கவேண்டும். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்குப் பதினான்கு வருஷம் ஏகபோக உரிமை தரலாம் என்று 1624-லேயே இங்கிலாந்துப் பார்லிமெண்ட் சட்டம் செய்திருந்தது. சேம்பர்லென்கள் அந்த ஆண்டிலேயே உரிமை வாங்கியிருந்தால் 1638-ல் இடுக்கி ஊருக்குப் பொதுவாகியிருக்கும். உண்மையில் அச்சில் அது விவரமாக வெளிவந்தது 1730-களில்தான். பேடண்ட் என்றாலே பேராசை என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்குள்ள வழக்கு இதுதான். ரகசியத்துக்கு ஆயுள் வரம்பு கிடையாது, பேடண்டுக்கு உண்டு.

1813-ல் எஸ்ஸெக்ஸ் ஜில்லாவில் உட்ஹாம் மார்ட்டிமர் என்ற ஊரிலுள்ள மாளிகையில் தரைப் பலகையைப் பெயர்த்தபோது ஒரு பெட்டி அகப்பட்டது. அது சேம்பர்லென் வமிசத்து டாக்டர் பீட்டர் வாழ்ந்து 1683-ல் இறந்த வீடு. இடுக்கிகளோடு சில நாணயங்கள், பெண்கள் அணியும் கையுறைகள், காகிதத்தில் பொதிந்த ஒரு பல் எல்லாம் இருந்தன. 'என் கணவரின் கடைசிப் பல்' என்று காகிதத்தில் எழுதியிருந்தது. அந்த அம்மாள் ரகசியத்தையும் பல்லையும் ஒரே பெட்டியில் வைத்து மூடியிருக்கிறாள்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1846 அக்டோபர் 16-ஆம் தேதி பாஸ்டன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், கழுத்தில் கட்டியோடு வந்த ஒருவனுக்கு வாரன் என்ற பிரபல டாக்டர் கத்தி போடக் காத்திருந்தார். மயக்கம் கொடுப்பதாகச் சொன்ன பல் வைத்தியர் வில்லியம் மார்ட்டன் வந்து சேரவில்லை. ஆள் வரமாட்டான் என்று கத்தியை எடுக்கப்போன சமயத்தில், கையில் ஒரு கண்ணாடி உருண்டையோடு மார்ட்டன் ஓடிவந்தார். உள்ளே பஞ்சு, பஞ்சில் ஒரு திரவம். நோயாளி முகர்ந்தான், உறங்கினான். கட்டியை அறுத்தெடுத்தபோது அலறல் இல்லை. நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த காலம் அன்றோடு முடிந்தது.

அந்த மாதமே மார்ட்டன் பேடண்ட் கேட்டு மனுப் போட்டுவிட்டார். நவம்பர் 12-ஆம் தேதி கிடைத்தும் விட்டது. எண் 4848. இதில் வேடிக்கை, அந்தத் திரவம் மருந்துக் கடையில் யாரும் வாங்கக்கூடிய ஈதர். மார்ட்டன் அதில் வாசனையும் வர்ணமும் சேர்த்து 'லீத்தியான்' என்று நாமகரணம் செய்திருந்தார். ஆஸ்பத்திரி டாக்டர்கள், இன்னதென்று சொன்னாலொழிய இனித் தொடமாட்டோம் என்று நிமிர்ந்து நின்றார்கள். ஒரு பெண்ணின் காலை எடுக்கவேண்டியிருந்தது. கடைசியில் மார்ட்டன் உடைத்துச் சொன்னார்: ஈதர்தான்.

சொன்ன பிறகு யார் காசு கொடுப்பார்கள்? கண்ணாடி உருண்டைகூட வேண்டாம். ஒரு பஞ்சு போதும். மெக்ஸிகோ யுத்தத்தில் அமெரிக்கச் சேனை டாக்டர்களே மார்ட்டனுக்கு ஒரு காசும் தராமல் ஈதரைப் பிரயோகித்தார்கள். பேடண்ட் கொடுத்ததும் அதே சர்க்கார்! 1847-ல் அமெரிக்க வைத்திய சங்கம் கூடி, ரண சிகிச்சை ஆயுதத்துக்கோ மருந்துக்கோ பேடண்ட் வைத்திருப்பது வைத்தியனுக்கு இழுக்கு என்று தன் ஒழுக்க விதிகளில் எழுதிவைத்தது. நன்கொடையாக ஒரு லட்சம் டாலர் வேண்டும் என்று மார்ட்டன் காங்கிரஸ் சபைக்கு நடையாய் நடந்தார். யோசனை சொன்னவன் நான் என்று ரசாயன நிபுணர் ஜாக்ஸன் குறுக்கே வந்தார். நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வாயுவைக் கொண்டு தமக்கே பல் பிடுங்கிக்கொண்டு முதலில் பரீட்சித்த ஹொரேஸ் வெல்ஸ், 1848-ல் நியூயார்க் சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். ஜார்ஜியாவில் க்ராஃபர்டு லாங் என்ற டாக்டர் 1842-லேயே ஈதர் கொடுத்துக் கட்டி அறுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார்.

மார்ட்டன் நியூயார்க் கண் ஆஸ்பத்திரி மேல் வழக்குப் போட்டார். 1862-ல், பேடண்டின் ஆயுளே முடிந்துவிட்ட பிறகு, நீதிபதி ஷிப்மன் தீர்ப்புச் சொன்னார். கண்டுபிடிப்பு மகத்தானதுதான் என்று புகழ்ந்துவிட்டுத் தள்ளுபடி செய்தார். ஈதர் பழசு, அதை முகர்வதும் பழசு, மனித உடம்பும் பழசு. பழைய பொருளில் புதிய குணத்தைக் கண்டவன் பெரியவனாக இருக்கலாம். சட்டம் சொல்லும் புதுப்பொருளை அவன் செய்யவில்லை. மார்ட்டனிடம் எனக்கு அனுதாபம் குறைவு. ஆனாலும் ஒரு காரியம் மனுஷ குலத்துக்கு மிக அதிகமாக உபயோகப்பட்டால் கூலி மிகக் குறைவு என்பதுதான் நீதியா என்று கேட்கத் தோன்றுகிறது. 1868 ஜூலையில், ஜாக்ஸனைப் புகழ்ந்து வந்த பத்திரிகைக் கட்டுரையால் கொதித்துப்போன மார்ட்டன், நியூயார்க்கில் கடும் வெயிலில் வண்டியில் போகும்போது மயங்கி விழுந்து இறந்தார். வயது நாற்பத்தெட்டு. அதே ஆண்டில் பாஸ்டன் பூங்காவில் ஈதருக்கு ஒரு ஞாபகச் சின்னம் எழுப்பினார்கள். கண்டுபிடித்தவர் பெயர் எதையும் அதில் பொறிக்கவில்லை.

விவகாரம் அங்கே தீர்ந்ததா? 1992-ல் அரிஜோனாவைச் சேர்ந்த கண் டாக்டர் பாலின், தையல் போடாமலே மூடிக்கொள்ளும்படி கண்ணில் கீறும் முறை ஒன்றுக்குப் பேடண்ட் வாங்கினார். கருவி ஒன்றும் இல்லை, கீறலின் வடிவந்தான். அந்த மாதிரிக் கீறிய இன்னொரு டாக்டரிடம் பணம் கேட்டு வெர்மாண்டில் வழக்குத் தொடுத்தார். நாடு முழுவதும் டாக்டர்கள் கொதித்தெழுந்தார்கள். கத்தியைக் கையில் எடுத்தபின் வக்கீலைக் கேட்டா கீறுவது? 1996 மார்ச்சில் அந்த உரிமை செல்லாது என்று கோர்ட் உத்தரவாயிற்று. அவ்வருஷமே காங்கிரஸ் ஒரு சட்டம் செய்து, சிகிச்சை முறைக்குப் பேடண்ட் இருந்தாலும் அந்தச் சிகிச்சையைச் செய்த டாக்டரிடம் நஷ்ட ஈடு கேட்க முடியாதபடி ஆக்கியது. நம் தேசத்தில் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், மனிதருக்குச் செய்யும் ரண சிகிச்சை முறை எதையும் கண்டுபிடிப்பாகவே ஒப்புக்கொள்வதில்லை.

கருவியின் சங்கதி வேறு. அமெரிக்கச் சட்டத்தின் சலுகை ஆயுதங்களுக்குச் செல்லாது. நம் சட்டமும் கருவிக்குத் தடை சொல்லவில்லை. தோலடியில் எந்தக் கோணத்தில் சுரங்கமிடுவது, எங்கே திருப்புவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் எந்த டாக்டரும் பார்த்துக் கற்றுச் செய்யலாம். ஆனால் பேடண்ட் உள்ள கம்பியைப் போல ஒன்றைப் பட்டறையில் அடித்துக்கொண்டு வந்து பிரயோகித்தால், அந்த டாக்டரும் கோர்ட்டுக்குப் போய்ப் பதில் சொல்லத்தான் வேண்டும், பேடண்டின் இருபது வருஷ ஆயுள் முடியும் வரையில்.