அரசு முத்திரை பிறந்த கதை

1762 மார்ச் மாதம். பிரான்சின் துலூஸ் நகரில் ழான் காலா என்ற துணி வணிகரைச் சக்கரத்தில் கட்டி, எலும்புகளை நொறுக்கிக் கொன்றார்கள். கத்தோலிக்கராக மாற விரும்பிய சொந்த மகனையே கொன்றார் என்பது குற்றச்சாட்டு. சாட்சியம் வலுவாக இல்லை. அவர் புராட்டஸ்டன்ட் என்பதே போதுமானதாக இருந்தது. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய வழக்கு, சுவிஸ் எல்லையோரம் வாழ்ந்த முதிய எழுத்தாளர் ஒருவரின் காதுக்கு எட்டியது.

அவர் வால்டேர். அடுத்த ஆண்டே சகிப்புத்தன்மை பற்றி ஒரு நூல் எழுதினார். ஐரோப்பா அதிர்ந்தது. 1765-இல் காலா குற்றமற்றவர் என்று தீர்ப்பு மாறியது. வால்டேர், ரூசோ போன்றோரின் அறிவொளிச் சிந்தனை அரண்மனைகளுக்குள்ளும் நுழைந்தது. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரடெரிக் வால்டேரைத் தன் அரண்மனைக்கே அழைத்து வைத்திருந்தவர். ஆஸ்திரியாவை ஆண்ட இரண்டாம் ஜோசப் ஒரு படி மேலே போனார். புராட்டஸ்டன்ட்களும் வழிபடலாம் என்று 1781-இல் ஆணையிட்டார். ஆனால் அந்த ஆணைக்குள் ஒரு முள் இருந்தது.

அவர்களுடைய வழிபாட்டு வீட்டுக்குக் கோபுரம் கூடாது, மணி கூடாது, தெருவைப் பார்த்த வாசலும் கூடாது! மன்னர் கொடுத்தது அனுமதிதான், சமத்துவம் அல்ல. கோபுரமும் வாசலும் யாருக்கு உரியவை என்ற கேள்விக்கு முழு விடை கிடைக்கவில்லை. அதே கேள்வி இன்னொரு வடிவில் தமிழ்நாட்டிலும் காத்திருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம் 11 நிலை, 190 அடிக்கு மேல் உயரம். ஊருக்கு வெகு தூரத்திலிருந்தே கண்ணில் படும். அன்று இங்கே கோபுரத்தை எல்லோரும் பார்க்க முடிந்தது, வாசலை எல்லோரும் தாண்ட முடியவில்லை. தமிழகத்தின் பெரிய கோயில்கள் பலவற்றிலும் சாதி காவல் நின்றது. 1939 ஜூலை 8 அன்று மதுரையில் காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத ஐயர், ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். எதிர்ப்பு கொதித்தது. ராஜாஜி அரசு சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. ஆனாலும் சென்னை மாகாணம் முழுவதற்குமான கதவு இன்னும் திறக்கவில்லை.

அதைத் திறந்தவர் நாத்திகர் அல்லர். வள்ளலார் வழியில் நின்ற பக்திமான், விவசாயி. அன்று பிரதமர் என்றே அழைக்கப்பட்ட மாகாண முதல்வர், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். அவருடைய ஆட்சியில் 1947-இல் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கமும் அதே ஆண்டில் சட்டத்தால் ஒழிந்தது. ஒரு மன்னரின் கருணையால் அல்ல, சட்டமன்றத்தின் வாக்கால் வாசல் திறந்தது. அதற்குப் பிறகுதான் அந்த அரசுக்கு ஒரு புதிய தேவை எழுந்தது.

வெள்ளையர் போய்விட்டார்கள். இனி கோப்புகளில் என்ன சின்னம்? தமிழறிஞர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைப் பரிந்துரைத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. உடனே எதிர்ப்பும் கிளம்பியதாம். மதச்சார்பற்ற நாட்டில், அரசின் தலைப்பில் ஒரு கோயிலா? விவகாரம் நேருவின் மேசைவரை போனதாகவும், இது மதச் சின்னம் அல்ல, திராவிடக் கட்டடக் கலையின் அடையாளம் என்ற விளக்கத்தை அவர் ஏற்றுக்கொண்டதாகவும் சொல்வார்கள். 1949-இல் மதுரைக்காரரான ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்து முடித்தார். அங்கேயும் ஒரு சிக்கல் முளைத்தது.

ஓவியர் மனத்தில் இருந்தது மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரமே என்ற வாதம் கிளம்பியது. அது இன்றும் ஓயவில்லை. மதுரைக் கோபுரங்களைப் போல வண்ணச் சிலைகள் மொய்க்காத உருவத்தைக் காட்டி, இது எங்கள் ஊர்க் கோபுரமே என்கிறார்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள். அதே 1949 ஏப்ரலில் ஓமந்தூரார் பதவி விலக, முதல்வர் நாற்காலிக்கு வந்தவர் பக்கத்து ஊரான ராஜபாளையத்தின் பி.எஸ். குமாரசாமி ராஜா. தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குத் தந்த காந்தியவாதி. 1950 ஜனவரி 26 அன்று அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மாநிலத்தை ஆண்டவர் அவர்தான். தீண்டாமை ஒழிப்பும் மத சுதந்திரமும் அன்றுமுதல் அடிப்படை உரிமைகள். ஆனால் கோபுரத்துக்கான பெரிய சோதனை 17 ஆண்டுகள் கழித்தே வந்தது.

1967-இல் ஆட்சியைப் பிடித்தது திமுக. வால்டேரையும் ரூசோவையும் மேடைதோறும் பேசி வளர்ந்த பகுத்தறிவு இயக்கத்தின் பிள்ளை. அரசு அலுவலகங்களில் உள்ள சாமி படங்களை அகற்றும்படி 1968-இல் அண்ணா அரசு ஆணையிட்டது. அடுத்தது கோபுரம்தான் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். முத்திரையில் மாறியவை சொற்களே. ‘சத்யமேவ ஜெயதே’ போய் ‘வாய்மையே வெல்லும்’ வந்தது. 1969-இல் மாநிலத்தின் பெயரும் ‘தமிழ்நாடு’ என்று மாறியது. கோபுரம் அசையவில்லை.

நடுவில் அசோகரின் சிங்கங்கள், இருபுறமும் தேசியக் கொடி, பின்னணியில் கோபுரம். இதுதான் அரசாணையிலும் சான்றிதழிலும் குடும்ப அட்டையிலும் பதிந்திருக்கும் தமிழ்நாடு அரசின் முத்திரை. முதலில் சட்டம் வாசலைத் திறந்தது, பிறகே கோபுரம் முத்திரையானது. அந்த வரிசை தலைகீழாக இருந்திருந்தால், வெளியே நிறுத்தப்பட்ட மனிதருக்கு அந்த முத்திரை தன் அரசின் அடையாளமாக ஒருநாளும் இருந்திருக்காது.