டெட்லைன் - தாண்டினா சுட்டுடுவாங்க!

எங்க தொழில்ல ஒரு நாளைக்கு அதிகமா உச்சரிக்கப்படுற ஆங்கில வார்த்தை எதுன்னு ஓட்டெடுப்பு வச்சா, "இஷ்யூ"வுக்கும் "டெட்லைனு"க்கும்தான் கடும் போட்டி இருக்கும். ஹார்டு டெட்லைன், சாஃப்ட் டெட்லைன், அக்ரஸிவ் டெட்லைன், அப்புறம் க்ளையன்டுக்குச் சொல்லாம நமக்குள்ளயே வச்சுக்கற இன்டர்னல் டெட்லைன்னு ரகம் ரகமா உண்டு. இன்டர்னல் டெட்லைனை யாரும் மதிக்க மாட்டாங்க, அது வேற விஷயம் :-)

இத்தனை தடவை சொல்ற வார்த்தைக்குள்ள ஒரு சாவு உக்காந்திருக்கே, அது யாரோட சாவுன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. தோண்டிக்கிட்டே போனதுல ரெண்டு ராத்திரி போயிடுச்சு. கொஞ்சம் நீளமான பதிவுதான். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க மக்களே.

முதல்ல ஒண்ணைச் சொல்லிடறேன். இந்த வார்த்தைக்குக் காலத்தோட சம்பந்தமே கிடையாது. மணியும் இல்ல, தேதியும் இல்ல. நெஜமாவே ஒரு கோடு. 1860 வாக்கில் மீன் பிடிக்கறவங்க, ஓடாம அசையாம ஒரே இடத்துல கிடக்கற தூண்டில் கயிறை இப்படிச் சொல்லியிருக்காங்க. அந்த "டெட்" சும்மா அசைவில்லாததைக் குறிக்கற "டெட்". அதோட போயிருந்தா இந்தப் பதிவுக்கே வேலை இல்ல. அடுத்த நாலு வருஷத்துல நடந்ததுதான் கதை.

அமெரிக்க உள்நாட்டுப் போர், 1861லிருந்து 1865 வரை. வடக்கு யூனியன், தெற்கு கான்ஃபெடரேட். ஆரம்பத்துல ரெண்டு பக்கமும் பிடிச்ச கைதிகளைக் கணக்குப் போட்டு மாத்திக்கிட்டாங்க. வடக்கு தன் படையில கறுப்பினத்தவரைச் சேர்த்ததும், பிடிபட்ட கறுப்பு வீரர்களை மத்தவங்களைப் போலப் போர்க்கைதியா நடத்த முடியாதுன்னு தெற்கு சொல்லிடுச்சு. 1863ல அந்த மாற்று ஏற்பாடு நொறுங்கிப் போச்சு. ரெண்டு பக்கமும் கைதிகள் குவிய ஆரம்பிச்சாங்க.

ஜார்ஜியா மாநிலத்துல ஆண்டர்சன்வில்னு ஒரு சின்ன ரயில் நிலையம். அது பக்கத்துல அடிமைகளை வச்சு பைன் மரங்களை வெட்டி, தடிகளை வரிசையா நட்டு ஒரு பெரிய வேலி போட்டாங்க. உயரம் சுமார் 15 அடி. அரசாங்கக் காகிதத்துல கேம்ப் சம்டர். 1864 பிப்ரவரியில கைதிகள் வர ஆரம்பிச்சாங்க. 10,000 பேருக்குன்னு கட்டின இடம் அது. அந்த வருஷம் ஆகஸ்ட்ல உள்ள இருந்தவங்க 32,000க்கும் மேல. இடம் எவ்ளோன்னா, பெரிசாக்கின பிறகும் இருபத்தாறரை ஏக்கர். கூரை கிடையாது, கொட்டகை கிடையாது. கைதிகளே கம்பளி, குச்சி, கிழிஞ்ச கோட்டுன்னு கிடைச்சதை வச்சு குடிசை மாதிரி ஒண்ணு கட்டிக்கிட்டாங்க.

அந்தக் குடிசைக்கு அவங்க வச்ச பேரு ஷெபாங்! யூனிக்ஸ் பக்கம் கை வச்சவங்க இந்நேரம் நிமிர்ந்து உக்காந்திருப்பீங்க. ஸ்கிரிப்டோட முதல் வரியில ஹாஷும் ஆச்சரியக்குறியும் போடறோமே, அதுக்கு நாம சொல்ற அதே பேர். அதுல ஹாஷ் அல்லது ஷார்ப்பும், ஆச்சரியக்குறிக்கான "பேங்"கும் ஒட்டிக்கிட்ட விளையாட்டு இருக்கு, ஆனா காதுல ஏற்கனவே இருந்த பழைய வார்த்தை ஷெபாங்தான். ஒரே சிறை முகாம்ல புழங்கின ரெண்டு சொல் என் மானிட்டர்ல தினம் ஓடுது.

சரி, கோட்டுக்கு வருவோம். மரவேலிக்கு உள்பக்கம், சுமார் 20 அடி தள்ளி, குச்சி நட்டு மேல பலகைச் சட்டம் அடிச்ச ஒரு மெல்லிய தடுப்பு. இடுப்பு உயரம் கூட பெருசா இருக்காது. எட்டி உதைச்சா விழுந்துடும். அதுதான் டெட்லைன். அதைத் தாண்டினா, ஏன் தொட்டாலே கூட, மேல பரண் மாதிரி கட்டின காவல் மேடையிலிருந்து சுடலாம். பகல், ராத்திரி எல்லாம் கணக்கில்ல. 1864 மே மாசம் எழுதின ஒரு கான்ஃபெடரேட் ஆய்வு அறிக்கையிலேயே இது பதிவாகியிருக்கு. ஒளிச்சு மறைச்சு செஞ்ச காரியம் இல்ல, முறைப்படி அறிவிச்ச விதி.

காவலுக்கு நின்னதுல நிறைய பேர் கிழவங்களும் மீசை முளைக்காத பசங்களும்தான். வயசுப் பசங்க எல்லாம் போர்முனைக்குப் போயிட்டாங்க. கோட்டைத் தாண்டற ஒருத்தனைச் சுட்டா முப்பது நாள் லீவு குடுக்கறாங்கன்னு கைதிகள் மத்தியில ஒரு வதந்தி இருந்துச்சு. அப்படி ஒரு உத்தரவு இருந்ததுக்கு ஆதாரம் கிடையாது. ஆனா 32,000 பேர் அதை நம்பினாங்கங்கறதுலேயே அந்த இடத்தோட நிலைமை தெரிஞ்சுடுது.

தப்பிச்சு ஓடறவன்தானே கோட்டைத் தாண்டுவான்னு நினைச்சா, அதுவும் இல்ல. முகாமுக்கு நடுவுல ஒரு சின்ன ஓடை. அது உள்ள வர்றதுக்கு முன்னாடியே காவலர் முகாம், சமையல் கொட்டகை எல்லாத்தோட கழிவும் அதுல கலந்துடும். உள்ள வந்த பிறகு ஆயிரக்கணக்கான கைதிகளுக்கு அதுதான் குடிதண்ணி, குளிதண்ணி, கழிவறை எல்லாம். கொஞ்சமாவது நல்ல தண்ணி வேணும்னா ஓடை உள்ள நுழையற இடத்துல, டெட்லைனை ஒட்டி மொண்டாகணும். சட்டத்துக்குக் கீழ கையை நீட்டி ஒரு சாண் தள்ளி மொண்டவங்க மேல குண்டு பாஞ்சிருக்கு. தூக்கத்துல உருண்டு போனவங்க, தள்ளுமுள்ளுல தடுக்கி விழுந்தவங்க, காய்ச்சல்ல புத்தி பேதலிச்சவங்கன்னு கைதிகளோட நினைவுக் குறிப்புகள்ல பக்கம் பக்கமா வருது. சாகணும்னு முடிவு பண்ணியே கோட்டைத் தாண்டினவங்களும் உண்டு.

ஆனா ஒண்ணு. ஆண்டர்சன்வில்ல கொலை பண்ணதுல டெட்லைனோட பங்கு ரொம்பச் சின்னது. மொத்தம் 45,000 பேர் அடைக்கப்பட்டதுல கிட்டத்தட்ட 13,000 பேர் செத்தாங்க. பெரும்பாலும் வயித்துப்போக்கு, சீதபேதி, ஸ்கர்வி. ஆனா பேர் என்னவோ கோட்டுக்குத்தான் கிடைச்சது. பசியில சாகறதுக்கு யாரைக் கை காட்டறது? கோட்டுப் பக்கத்துல துப்பாக்கியோட ஒருத்தன் கண்ணுக்குத் தெரியறானே.

அப்படிக் கண்ணுக்குத் தெரிஞ்சவங்கள்ல முக்கியமானவர் ஹென்றி விர்ஸ். சுவிட்சர்லாந்துல பிறந்தவர், முகாமோட உள்நிர்வாகம் அவர் கையில. போர் முடிஞ்சதும் 1865 ஆகஸ்ட்ல வாஷிங்டன்ல ராணுவ விசாரணை ஆரம்பிச்சது. தலைமை தாங்கினவர் ஜெனரல் லூ வாலஸ். ஆமா, பின்னாடி "பென்ஹர்" நாவல் எழுதின அதே ஆள். டெட்லைனும் அதுல நடந்த சாவுகளும் குற்றப்பத்திரிகையிலேயே இருந்துச்சு. மேலிடத்து உத்தரவைத்தான் செஞ்சேன்னு விர்ஸ் சொன்னார். சிறைகளுக்கெல்லாம் மேலதிகாரியா இருந்த ஜெனரல் வைண்டர் அதுக்குள்ள, 1865 பிப்ரவரியிலேயே மாரடைப்புல போயிட்டார். நவம்பர் 10ஆம் தேதி விர்ஸைத் தூக்குல போட்டாங்க. அவர் பலிகடாவா இல்லையான்னு இன்னிக்கும் அங்க சண்டை ஓடுது. என்னைக் கேட்டா ரெண்டும்தான்: குற்றமும் உண்டு, பலிகடாவும்தான். சாப்பாடு அனுப்பாதது அவர் முடிவில்ல. கோட்டை அங்கயே வச்சிருந்தது அவர் பொறுப்பு.

வடக்கு யோக்கியம்னு நினைச்சுடாதீங்க. அவங்க முகாம்கள்லயும் டெட்லைன் இருந்துச்சு. நியூயார்க் மாநிலத்துல எல்மைரா முகாம்ல சுமார் 12,000 தெற்குக் கைதிகள் இருந்ததுல 3,000 பேர் கிட்ட செத்தாங்க. இத்தனைக்கும் வடக்குல பஞ்சம் எதுவும் இல்ல. ஜெயிச்ச பக்கத்துல யாரையும் தூக்குல போடல, அவ்ளோதான்.

போர் முடிஞ்சு வீடு திரும்பினவங்க வாயில அந்தச் சொல்லும் கூடவே ஊர் ஊராப் போச்சு. அதுக்கப்புறம் கொஞ்ச நாளைக்கு அமெரிக்காவுல எங்க பார்த்தாலும் டெட்லைன்தான். டெக்ஸாஸ் மாடுகள் ஒரு காய்ச்சலைப் பரப்புதுன்னு, இதுக்கு இந்தப் பக்கம் மாட்டை ஓட்டிட்டு வரக்கூடாதுன்னு கான்சாஸ் ஒரு எல்லை போட்டுச்சு, அதுக்கும் இதே பேர். டாட்ஜ் சிட்டியில ரயில் தண்டவாளம்தான் டெட்லைன்: அதுக்கு வடக்க துப்பாக்கியோட நடமாடக்கூடாது, தெற்க என்ன வேணா பண்ணிக்கோ. நியூயார்க்ல போலீஸ் அதிகாரி தாமஸ் பைர்ன்ஸ் 1880ல ஃபுல்டன் தெருவை டெட்லைன்னு அறிவிச்சார். அதுக்குத் தெற்க, வால் ஸ்ட்ரீட் பக்கம், தெரிஞ்ச திருடன் தலை தெரிஞ்சாலே உள்ள போட்டுடுவாங்க. எல்லாமே இடம். இன்னும் கடிகாரம் வரல பாருங்க.

கடிகாரம் பத்திரிகை ஆபீஸ் வழியா வந்துச்சு. அச்சு இயந்திரத்துல எழுத்துக்களைக் கோர்த்து வைக்கற படுகையில ஒரு கோடு இருக்கும், அதுக்கு வெளிய போன எழுத்து தாள்ல விழாது. அதுக்கும் டெட்லைன்னுதான் பேர். 1910கள்ல அமெரிக்கச் செய்தியாளர்கள் இதே சொல்லை நேரத்துக்கு மாத்திட்டாங்க. இத்தனை மணிக்கு அப்புறம் வர்ற செய்தி இன்னிக்குப் பேப்பர்ல வராது. 1920ல "டெட்லைன் அட் லெவன்"னு பத்திரிகை ஆபீஸ் கதையோட ஒரு ஊமைப்படமே வந்துடுச்சு, அப்படின்னா பொதுஜனத்துக்கும் அந்த அர்த்தம் எட்டியிருக்கணும். சிறைக் கோடு நேரா பத்திரிகைக்கு வந்துச்சா, அச்சுக்கோடு வழியா வந்துச்சான்னு அகராதிக்காரங்க ஒரு முடிவுக்கு வரல. எனக்கு ரெண்டும் சேர்ந்துதான்னு படுது. அச்சுக்கோர்க்கறவங்க தலைமுறையிலயும் போருக்குப் போனவங்க நிறைய உண்டே.

அங்கேருந்து எங்க ஆளுங்க கைக்கு. 1973ல லியூ, லேலண்ட்னு ரெண்டு பேர் எழுதின கட்டுரை கணினித் துறையில பிரபலம். எந்த வேலைக்குக் கெடு முதல்ல வருதோ அதை முதல்ல செய். மொத்த வேலைப்பளு நூறு சதவீதத்துக்குள்ள இருந்தா ஒரு ப்ராசஸர்ல எல்லாக் கெடுவும் காப்பாத்தப்படும்னு நிரூபிச்சாங்க. நூறைத் தாண்டினா எந்த வித்தை பண்ணாலும் முடியாது. லினக்ஸ் கெர்னல்ல 2014லிருந்து இந்த முறை இருக்கு. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, புதுசா ஒரு வேலை வந்து "எனக்கும் ஒரு டெட்லைன் குடு"ன்னு கேட்டா, கெர்னல் முதல்ல கணக்குப் போட்டுப் பார்க்கும். இடம் இல்லைன்னா "பிஸி"ன்னு பிழை எண்ணைத் திருப்பிக் குடுத்துட்டு வாசல்லயே அனுப்பிடும். மெஷினுக்கு இருக்கற இந்த உரிமை மனுஷனுக்கு இல்ல பாருங்க.

முன்னாடி ஒரு இடத்துல என் கூட வேலை பார்த்த பையன், அப்பாவுக்கு ஆஞ்சியோ, நாலு நாள் ஊருக்குப் போகணும்னு கேட்டான். "டெட்லைன் முடிஞ்சு போகலாமே, டாக்டர்கிட்ட தேதி மாத்திக் கேளேன்"னு பதில் வந்துச்சு. அவன் மெயில் கூட போடாம பஸ் ஏறிட்டான். ரிலீஸ் ரெண்டு வாரம் தள்ளிப் போச்சு, அதுவும் க்ளையன்ட் தரப்புல சர்வர் ரெடி ஆகலைன்னு. அப்பா நல்லா இருக்கார். அவனுக்கு அந்த வருஷ அப்ரைசல்ல மட்டும் அடி. சுடற ஆள் மேடையில உக்காந்திருக்கான்னு நாமளா நம்பிக்கறோமோன்னு எனக்கு அப்பத்தான் தோணுச்சு. ஆனா அவன் அப்ரைசலை நினைச்சா, சும்மா நம்பிக்கைன்னும் சொல்ல முடியல.

எங்க தொழிலுக்குப் போர்க்கைதி வார்த்தைகள் மேல என்ன மோகமோ. முடியவே முடியாதுன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்ச ப்ராஜெக்ட்டுக்கு "டெத் மார்ச்"னு பேரு. எட்வர்ட் யூர்டன் 1997ல அதே தலைப்புல ஒரு புத்தகமே போட்டார். அந்தச் சொல்லுக்குப் பின்னாடி 1942 ஏப்ரல்ல பிலிப்பைன்ஸ்ல, பட்டான்ல சரணடைஞ்ச பிலிப்பினோ, அமெரிக்க வீரர்களை ஜப்பான் ராணுவம் வெயில்ல சுமார் 100 கிலோமீட்டர் நடத்திக் கூட்டிட்டுப் போன கொடுமை இருக்கு. விழுந்தவங்களைக் குத்திப் போட்டாங்க. ஏசி ரூம்ல பீட்சா ஆர்டர் பண்ணிட்டு ராத்திரி முழிக்கறதுக்கு இந்தப் பேர் கொஞ்சம் ஓவர்தான்.

தமிழ்ல இதுக்குக் "கெடு"ன்னு எவ்ளோ கச்சிதமா ஒரு சொல் வச்சிருக்கோம். பால் கெட்டுப் போறதும் கெடுதான், குடி கெடுறதும் கெடுதான், கடன்காரன் குடுக்கறதும் கெடுதான். எழுத்து ஒண்ணா இருக்கறதால நாள் தாண்டினா எல்லாம் கெட்டுடும்னு நானா அர்த்தம் பண்ணிக்கிட்டிருந்தேன். ஆனா தெலுங்குல அப்படியே இதே பொருள்ல "கடுவு"ன்னு ஒரு சொல் இருக்கு. காலக்கெடுவோட "கெடு"வுக்கு உறவு அந்தப் பக்கம்தான் போகுது, கெட்டுப் போற "கெடு" பக்கம் இல்ல. கோர்ட்டுல வாங்கற "வாய்தா" அரபு வழியா வந்தது, மூலத்துல அதுக்கு "வாக்குறுதி"ன்னு அர்த்தம். இன்ன தேதிக்கு வந்துடறேன்னு குடுக்கற வாக்கு! நம்ம சிவில் கேஸ்கள் நடக்கற லட்சணத்துக்கு, இந்த அர்த்தத்தைக் கேட்டா வக்கீல்களே சிரிப்பாங்க :-)

எங்க தாத்தா விவசாயக் கடன் பேச்சு வந்தா "தவணை"ன்னுதான் சொல்வார், கெடுன்னு சொல்லிக் கேட்டதே இல்ல. உங்க ஊர்ப் பக்கம் இதுக்கு வேற ஏதாவது சொல் புழங்குதான்னு தெரிஞ்சவங்க எழுதுங்களேன்.