கடல்கடந்த தமிழர் பயணமும் நோய்த்தடுப்பு விதிகளும்: மண்டபம் முகாமை முன்வைத்து

முன்னுரை

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்கு அப்பால், சாலைக் கடைத்தெருவை அடுத்து அமைந்த வலியசாலை, தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதியாகும். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் காந்தளூர்ச்சாலை இதுவே எனக் கருதுவோர் உளர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, இப்பகுதித் தமிழரின் உறவினர் பலர் வேறொரு மாநிலத்தவர் ஆயினர். ஆயினும் கொள்வினை, கொடுப்பினை, வணிகம், வழிபாடு ஆகியவற்றை அந்த எல்லை தடுக்கவில்லை. 2020-ஆம் ஆண்டில்தான், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள களியக்காவிளையைக் கடக்க, புறப்படும் மாநிலத்தின் இசைவும் சென்றுசேரும் மாநிலத்தின் இசைவும் தேவைப்பட்டன. அதே நாட்களில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோர், அடிக்கடி மாறிய விதிகளுக்கு உட்பட்டு ஊருக்குள் நுழைந்தனர்.

எல்லையில் உடலைச் சோதித்து உள்ளே விடும் இம்முறை தமிழருக்குப் புதியதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் பல்லாண்டுகள் இதனைக் கடந்தே சென்றனர். அவ்வரலாற்றின் மையமான மண்டபம் முகாமை முன்வைத்து, நோய்த்தடுப்பு விதிகளின் சுமை யார்மீது விழுந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தனிமைப்படுத்தல் விதிகளின் பின்புலம்

நோயுள்ள ஊரிலிருந்து வருவோரைக் குறிப்பிட்ட நாட்கள் ஒதுக்கி வைக்கும் முறையை ஏட்ரியாட்டிக் கடற்கரை நகரான ரகூசா 1377-இல் சட்டமாக்கியது. தொடக்கத்தில் 30 நாளாக இருந்த இக்காலம் பின்னர் 40 நாளாயிற்று. நாற்பது என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்தே குவாரண்டைன் என்னும் சொல் பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டில் காலரா உலகெங்கும் பரவியபோது, நாடுகள் தத்தம் விருப்பப்படி விதித்த தடைகள் வணிகத்தைப் பாதித்தன. அவற்றை ஒழுங்குபடுத்த 1851-இல் பாரிசு நகரில் முதல் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது.

திருவிதாங்கூரில் அம்மைகுத்துதல் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரச ஆதரவுடன் அறிமுகமாயிற்று. 1879-இல் அரசு ஊழியர், மாணவர், சிறைக்கைதிகள் ஆகியோருக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. அரசின் கைக்கு எளிதில் எட்டும் பிரிவினரே முதலில் கட்டாயத்திற்கு உட்பட்டனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியது. அடுத்த ஆண்டிலேயே இந்தியாவில் கொள்ளைநோய்ச் சட்டமும், இலங்கையில் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டன. 1897-இல் பிறந்த இவ்விரு சட்டங்களும் 2020-இல் இரு நாடுகளிலும் மீண்டும் பயன்படுத்தப்பட்டன. பாக் நீரிணையின் இருகரையிலும் வாழும் தமிழர், நூற்றாண்டு கடந்தும் ஒரே காலத்துச் சட்டங்களால் ஆளப்பட்டனர் எனலாம்.

வடக்குப் பாதையும் நோயும்

இலங்கையில் காப்பிப் பயிர் பெருகிய 1830-களுக்குப்பின், மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் கங்காணிகளின் தலைமையில் சென்றனர். தென் திருவிதாங்கூரிலிருந்தும் ஆட்கள் சென்றதுண்டு. தோணியில் கடல் கடந்து மன்னார்ப் பகுதியில் இறங்கியோர், தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நூறு மைலுக்கும் மேற்பட்ட தொலைவைக் காட்டின் ஊடே நடந்தனர். இதுவே வடக்குப் பாதை எனப்பட்டது. குடிநீரின்மை, பட்டினி, மலேரியா, வாந்திபேதி, பெரியம்மை ஆகியவற்றால் வழியிலேயே இறந்தோர் மிகப் பலர். மலையக நாட்டார் பாடல்கள் இத்துயரை நினைவில் வைத்துள்ளன. சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் அப்பாடல்களைத் தொகுத்து எழுத்தில் நிலைபெறச் செய்தனர்.

அக்காலத் தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் இத்தொழிலாளரை நோய் சுமந்து வருவோராகவே கண்டனர். ஆனால் பாதையில் குடித்த நீரும், உணவின்மையும், தங்குமிடமின்மையுமே அவர்களை நோயாளிகளாக்கின. நோயின் காரணம் பயணத்தின் தன்மையில் இருந்தது. பழியோ பயணியின் உடல்மீது விழுந்தது. பின்னர் எழுந்த விதிகளைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு இன்றியமையாதது.

தட்டப்பாறை, ராகமை, மண்டபம்

பிளேக் அச்சத்தால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடக்குப் பாதை மூடப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் செல்வதே வழியாயிற்று. கொழும்பை அடுத்த ராகமையிலும், தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையிலும் முகாம்கள் இயங்கின. ராகமை முகாம் போயர் போர்க்கைதிகளை அடைத்துவைக்கவும் பயன்பட்டது. கூலியாளுக்கும் போர்க்கைதிக்கும் ஒரே வளாகம் ஏற்றதாகக் கருதப்பட்டமை, தனிமைப்படுத்தல் எவ்வகையில் எண்ணப்பட்டது என்பதை உணர்த்துகிறது.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் போக்குவரத்துத் தொடங்கியது. தொழிலாளர் பயணம் இவ்வழிக்கு மாறவே, பாலத்தின் மேற்கே மண்டபத்தில் இலங்கை அரசு பெரிய முகாமை நடத்தியது. இந்திய மண்ணில், இலங்கை அரசின் மருத்துவர் இலங்கைக்குள் நுழைவோரைச் சோதித்தனர். ஒரு நாட்டின் எல்லை, கடலுக்கு இப்பாலேயே, மற்றொரு நாட்டின் நிலப்பரப்பிலேயே நிறுவப்பட்டதற்கு இது சிறந்த சான்றாகும். அங்குள்ள தொடர்வண்டி நிலையம் 'மண்டபம் முகாம்' என்றே பெயர் பெற்றது.

முகாமின் நடைமுறை

முகாமை அடைந்த தொழிலாளர் குளிக்க வைக்கப்பட்டனர். அவர்களுடைய துணிகள் தொற்றுநீக்கம் செய்யப்பட்டன. அம்மைகுத்தப்பட்டபின் ஐந்தாறு நாட்கள் கண்காணிப்பில் வைக்கப்பட்டனர். பிற்காலத்தில் கொக்கிப்புழுவுக்கும் மருந்து கொடுக்கப்பட்டது.

இந்நாட்கணக்கு ஆராயத்தக்கது. வாந்திபேதி, தொற்றிய சில மணி நேரம் முதல் ஐந்து நாட்களுக்குள் வெளிப்படும். ஆகவே அந்நோய்க்கு ஐந்தாறு நாட்கள் போதும். பெரியம்மை வெளிப்பட ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகலாம். அதனைக் காத்திருந்து கண்டறிய அந்நாட்கள் போதா, அம்மைகுத்துதலே வழி. கொக்கிப்புழுவோ தொடுவதால் பரவுவதன்று. சோகையை உண்டாக்கி உழைக்கும் ஆற்றலைக் குறைப்பது. எனவே முகாமின் மருத்துவத்தில் நோய் பரவலைத் தடுக்கும் நோக்கமும், தோட்டத்திற்கு வலுவுள்ள உடலை அனுப்பும் நோக்கமும் கலந்திருந்தன என அறிய முடிகிறது.

அனைவரும் இம்முகாமில் தங்கவில்லை என்பது இங்கு முதன்மையானது. முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகள் மருத்துவ அலுவலரின் பார்வைக்குப் பின் பயணத்தைத் தொடர முடிந்தது. சென்றுசேர்ந்த இடத்தில் கண்காணிப்புக்கு உட்படுவதே அவர்களுக்குப் போதுமானதாகக் கருதப்பட்டது. மூன்றாம் வகுப்பில் சென்ற தொழிலாளரே அடைத்துவைக்கப்பட்டனர். வாந்திபேதிக் கிருமி பயணச்சீட்டின் வகுப்பை அறியாது. ஆயின் விதி அறிந்திருந்தது.

தொழிலாளர் எந்தத் தோட்டத்திற்குரியவர் என்பதைக் குறிக்கும் தகரச் சீட்டு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கிற்கு வந்தது. தொழிலாளரின் கடனைக் குறிக்கும் 'துண்டு' முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, பயணத்திற்காகப் பெற்ற முன்பணம் கடனாகத் தொடர்ந்தது. முகாமின் விதிகளை எழுத்தறியாத தொழிலாளருக்கு எடுத்துரைத்தவர் பெரும்பாலும் கங்காணியே. விதியை அறிந்தவரிடமே கடனும் இருந்தமையால், விதியை அறியாமை அடிமைத்தனத்திற்கு மற்றொரு காரணமாயிற்று. நெல்லைச் சிற்றூர்ப் பெண்ணொருத்தி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் படும் துயரைக் கூறும் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இக்காலப் பின்னணியில் எழுந்த படைப்பாகும்.

எனினும் முகாமின் பயனை மறுத்தல் வரலாற்றுக்குப் பொருந்தாது. காட்டு வழியில் ஆதரவின்றி இறந்தோரின் நிலையோடு ஒப்பிடுகையில், உணவும் மருத்துவமும் தங்குமிடமும் கிடைத்த முகாம் பல உயிர்களைக் காத்திருக்கும். குறை தடுப்பு முறையில் இல்லை. அதனை ஒரு பிரிவினர்மீது மட்டும் முழுமையாகச் சுமத்தியதிலேயே இருந்தது.

முகாமின் பிற்கால வரலாறு

1939 ஆகஸ்ட் 1 முதல் பயிற்சி பெறாத தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. 1948-இல் இயற்றப்பட்ட இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. உடற்சோதனை வகித்த இடத்தைக் கடவுச்சீட்டும் குடியுரிமைச் சான்றும் பெற்றன.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி தாயகம் திரும்பியோர் மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1983-க்குப்பின் ஈழத்தமிழ் ஏதிலியர் இம்முகாமிற்கு வந்தனர். ஏதிலியர் முகாம்கள் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என வழங்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. முன்னோரைச் சோதித்து அனுப்பிய இடமே, அவர்தம் வழித்தோன்றல்கள் உடைமை இழந்து திரும்பியபோது அவர்களைப் பதிவுசெய்யும் இடமாயிற்று. தற்காலிகமாக எழுப்பப்படும் தடுப்பு அமைப்புகள் எளிதில் மறைவதில்லை. நோக்கம் மாறி நிலைக்கின்றன என்பதற்கு மண்டபம் சான்று பகர்கிறது.

2020–2023: விதிகளின் மாற்றம்

2020 சனவரி 30 அன்று கோவிட் நோயைப் பன்னாட்டு அவசரநிலையாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே நாளில் இந்தியாவின் முதல் தொற்று, வூகானிலிருந்து திரும்பிய மாணவியிடம் கேரளத்தில் கண்டறியப்பட்டது. மார்ச் இறுதியில் நிறுத்தப்பட்ட வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து 2022 மார்ச் 27 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. இடையே, 2020 மே 7 முதல் 'வந்தே பாரத்' திட்டத்தில் வெளிநாட்டிலிருந்தோர் அழைத்துவரப்பட்டனர். சூன் மாதத் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்குக் கடற்படைக் கப்பல் பயணிகளை ஏற்றிவந்தது. ஒரு காலத்தில் தொழிலாளர் சென்ற கடல்வழி, இம்முறை திரும்புவோரின் வழியாயிற்று.

2020 மே 24 அன்று வெளியான நடுவண் அரசின் நெறிமுறை, திரும்புவோர் 7 நாள் தம் செலவில் நிறுவனத் தனிமையிலும், 7 நாள் வீட்டுத் தனிமையிலும் இருக்கவேண்டும் எனக் கூறியது. தனிமைச் செலவைத் திரும்புவோரே ஏற்கவேண்டும் எனக் கேரள அரசு அறிவித்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஏழைகளுக்கு விலக்கு உண்டென அடுத்த நாளே விளக்கப்பட்டது. வேலை இழந்து வளைகுடாவிலிருந்து திரும்பியவருக்கு இது வெறும் நடைமுறைச் சிக்கல் அன்று. வீட்டை அடைவதா, கடன்படுவதா என்னும் கேள்வி. மண்டபத்தில் வகுப்பு செய்த வேறுபாட்டை இங்குப் பணம் செய்ய முற்பட்டது.

தடுப்பூசி வந்தபின் வேறுபாடு மற்றொரு வடிவம் பெற்றது. இந்தியாவில் தடுப்பூசி செலுத்திக்கொண்டோரைப் பிரித்தானியா ஏற்காதபோது, 2021 அக்டோபர் 4 முதல் பிரித்தானியர்க்கு இந்தியாவும் 10 நாள் தனிமையை விதித்தது. அம்மாதத்திலேயே இச்சிக்கல் தீர்ந்தது. கோவாக்சின் 2021 நவம்பர் 3 அன்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றது. அதுவரை அதனைச் செலுத்திக்கொண்டோர், உடலில் காப்பு இருந்தும் சான்றிதழ் செல்லாத நிலையில் காத்திருந்தனர். வெளிநாட்டிலிருந்து வருவோர் தம் விவரங்களைப் பதிவுசெய்த 'ஏர் சுவிதா' முறை 2022 நவம்பர் 22 அன்று கைவிடப்பட்டது. 2023 மே 5 அன்று அவசரநிலை முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.

நோயைப் பற்றிய அறிவு வளருந்தோறும் விதி மாறுதல் இயல்பே, தவிர்க்கவும் இயலாது. ஆனால் விதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், இணையதளத்தில் வெளியாயின. அவற்றைப் படித்துப் படிவம் நிரப்ப இயலாதோர் பயண முகவரை நாடினர். முன்னாளில் கங்காணி வகித்த இடத்தை முகவர் பெற்றார்.

இதற்கு மாறாக, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை நோக்கலாம். பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குவிதிகளின் கீழ் உலகெங்கும் ஒரே வடிவில் வழங்கப்படும் இது, 2016 சூலை 11 முதல் வாழ்நாள் முழுவதும் செல்லத்தக்கதாயிற்று. பொதுவான வடிவமும் முன்கூட்டியே அறியத்தக்க விதியும் இருந்தால், நோய்த்தடுப்பும் பயணமும் முரண்படா என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, எல்லையில் நிகழும் நோய்த்தடுப்பு உயிர்காக்கும் கருவியே. ஆயினும் அது பொருளாதார நிலைக்கேற்ப வேறுபட்டுச் செயல்பட்டுள்ளது. இரண்டாவது, விதியின் கடுமையைக் காட்டிலும், அதனை அறிய இயலாமையே எளிய பயணியை இடைத்தரகரின் கையில் ஒப்படைத்தது. மூன்றாவது, தனிமைப்படுத்தலின் பயன் சமுதாயம் முழுமைக்கும் உரியது. அதன் செலவு அடைக்கப்பட்டவர்மீது மட்டும் விழுவது முறையன்று.

மண்டபத்தின் தொழிலாளரும், 2020-இல் இஞ்சிவிளைச் சோதனைச்சாவடியிலும் விமான நிலையங்களிலும் காத்திருந்தோரும் ஒரே வரலாற்றின் இரு பகுதியினர். முன்னவர் தம் அனுபவத்தை எழுதிவைக்கும் வாய்ப்பைப் பெறவில்லை. அலுவலகக் குறிப்புகளும் நாட்டார் பாடல்களுமே அவர்களுக்காகப் பேசுகின்றன. பின்னவரின் நினைவுகள் இன்னும் உயிருடன் உள்ளன. இருமாநிலத் தொடர்புடைய வலியசாலை போன்ற பகுதிகளில் அவற்றை வாய்மொழி வரலாறாகத் தொகுப்பது, தமிழ்த்துறைகள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.