நெடுந்தொலைவு இலக்குச் சுடுதல்: பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தோர் தொடங்கும் வழி

நெடுந்தொலைவு இலக்குச் சுடுதல் என்பது பல நூறு கெஜத்துக்கு அப்பால் நிறுத்திய இலக்கை ரைஃபிளால் சுடும் விளையாட்டு. பிரிட்டனில் 300, 500, 600 கெஜம் ஆகியவை குறுந்தொலைவாகவும், 800, 900, 1000 கெஜமும் அதற்கு மேற்பட்டவையும் நெடுந்தொலைவாகவும் கொள்ளப்படுகின்றன. ஆயிரம் கெஜம் என்பது 914 மீட்டர். அந்தத் தொலைவில் முழுப் புள்ளி பெற்றுத்தரும் நடுவட்டத்தின் விட்டம் ஏறத்தாழ இரண்டடி. வெறுங்கண்ணுக்கு இலக்குப் பலகையே ஒரு வெள்ளைப் பொட்டாகத்தான் தெரியும்.

தமிழ் வாசகருக்குப் பழக்கமான துப்பாக்கிச் சுடுதல் ஒலிம்பிக்கில் பார்க்கும் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள். அதில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர். அரங்குக்குள் காற்று வீசாது. உடலை அசையாமல் நிறுத்துவதுதான் முழு வித்தை. ஆயிரம் கெஜத்தில் அந்த வித்தை பாதிதான். மீதிப் பாதி திறந்தவெளியின் காற்றைக் கணிப்பது. ஆகவே உள்ளரங்கில் பல ஆண்டு பயின்று வந்தவரும் இங்கே ஒருவகையில் புதியவரே. முன்பின் சுட்டே அறியாதவர் அதற்காகத் தயங்கவும் வேண்டியதில்லை.

குடிபெயர்ந்து வருவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த ரைஃபிளை வாங்குவது என்பதே. பிரிட்டனில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. இங்கே சங்கம் முதலில் வரும், பயிற்சி அடுத்து, காவல்துறைச் சான்றிதழ் அதற்கடுத்து, சொந்தத் துப்பாக்கி எல்லாவற்றுக்கும் பிறகு.

வரலாறு

மூன்றாம் நெப்போலியனின் பிரான்ஸ் படையெடுத்து வரக்கூடும் என்ற அச்சம் 1859இல் பிரிட்டனில் பரவியது. ஊர்தோறும் தொண்டர் படைகள் திரண்டன. அந்தக் குடிமக்களுக்குக் குறி தவறாமல் சுடக் கற்பிப்பதற்காக அதே ஆண்டில் தேசிய ரைஃபிள் சங்கம் நிறுவப்பட்டது. 1860 ஜூலையில் விம்பிள்டன் பொதுவெளியில் நடந்த முதல் போட்டியை விக்டோரியா அரசி தொடங்கிவைத்தார். தாங்கியில் பொருத்தி, முன்கூட்டியே குறிபார்த்து வைத்திருந்த விட்வொர்த் ரைஃபிளின் விசையை ஒரு பட்டுக்கயிற்றால் இழுத்தார். 400 கெஜத்துக்கு அப்பால் குண்டு இலக்கின் நடுவை ஒட்டிப் பாய்ந்தது. விம்பிள்டனைச் சுற்றி வீடுகள் பெருகியதால், 1890இல் சங்கம் சர்ரே மாவட்டத்தின் பிஸ்லிக்கு இடம்பெயர்ந்தது. இன்றும் அதுவே இந்த விளையாட்டின் தலைமையிடம். அங்குள்ள செஞ்சுரி தளத்தில் 600 கெஜம் வரையிலும், ஸ்டிக்கிள்டவுன் தளத்தில் 1200 கெஜம் வரையிலும் சுடலாம்.

பிஸ்லியின் ஜூலை மாதப் போட்டித் திருவிழாவில் முதன்மையானது அரசர் பரிசு. 1930இல் மார்ஜரி ஃபாஸ்டர் அதை வென்ற முதல் பெண் ஆனார். ஆண், பெண் என்ற பிரிவினை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இந்த விளையாட்டின் மிகச் சிறந்த பண்பு இது என்றே சொல்ல வேண்டும். 1871 முதல் போட்டியிடப்பட்டுவரும் ஓர் அணிக் கோப்பை கோலாப்பூர் அரசரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதற்காக இன்றும் பிரிட்டனும் கடல்கடந்த நாடுகளின் அணிகளும் மோதுகின்றன. 800, 900, 1000 கெஜங்களில் நடக்கும் உலக அணிப் போட்டியான பால்மா, 1876இல் அமெரிக்காவின் கிரீட்மூர் தளத்தில் பிறந்தது. காமன்வெல்த் விளையாட்டுகளில் 2018 வரை நெடுந்தொலைவு ரைஃபிளுக்கு இடமிருந்தது. 2022 பர்மிங்காம் போட்டிகளில் துப்பாக்கிச் சுடுதல் முழுவதுமே விடுபட்டது.

சட்டமும் சங்கமும்

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகியவற்றில் ரைஃபிள்களுக்கு 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் பொருந்தும். வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு. 1987இல் ஹங்கர்ஃபோர்டிலும் 1996இல் டன்பிளேனிலும் நிகழ்ந்த படுகொலைகளுக்குப் பிறகு சட்டம் இறுகியது. முதலாவதன் விளைவாகத் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பெருந்துளை ரைஃபிள்களும், இரண்டாவதன் விளைவாகக் கைத்துப்பாக்கிகளும் தனியார் கையிலிருந்து அகற்றப்பட்டன. நெடுந்தொலைவுச் சுடுதலில் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றிச் சுடும் ரைஃபிள்களே பயன்படுவதால் அது தப்பியது. இந்தியாவிலோ அமெரிக்காவிலோ பெற்ற ஆயுத உரிமம் இங்கே செல்லாது. வெளிநாட்டிலிருந்து சொந்த ரைஃபிளைக் கொண்டுவர விரும்புவோர் உரிய அனுமதியை முன்கூட்டியே பெற்றாக வேண்டும். போட்டிக்காக வந்துபோகிறவர்களுக்கு வருகையாளர் அனுமதி உண்டு. பிரிட்டனில் வசிக்கும் ஒருவர் அவர்களுக்காக விண்ணப்பிக்க வேண்டும்.

குடியேறியவருக்கான வாசல் உள்துறை அமைச்சகத்தின் ஒப்புதல் பெற்ற சுடுதல் சங்கம். முதலில் ஒருநாள் விருந்தினராகப் போய்ப் பார்க்கலாம். பிடித்திருந்தால் பயிற்சிநிலை உறுப்பினராக விண்ணப்பிக்கலாம். சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடைசெய்யப்பட்டவர் அல்ல என்று அதில் உறுதிமொழி தர வேண்டும். மூன்றாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத் தண்டனை பெற்றவர்களுக்கு அந்தத் தடை வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பயிற்சிக் காலம் குறைந்தது மூன்று மாதம். பாதுகாப்பாகக் கையாளும் முறை, சுடுதளக் கட்டளைகள், படுத்துச் சுடும் நிலை ஆகியவற்றை அனுபவமுள்ளவர் பக்கத்திலிருந்து கற்றுத்தருவார். இங்கே புதியவருக்குப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது: சங்கத்தின் ரைஃபிளை, சங்க உறுப்பினர் என்ற நிலையில் பயன்படுத்தத் தனிச் சான்றிதழ் வேண்டியதில்லை. சொந்தமாக எதுவும் வாங்காமலே பல ஆண்டுகள் சுடலாம். பலர் அப்படியே சுடுகிறார்கள்.

சொந்த ரைஃபிள் வேண்டும் என்றால் காவல்துறை வழங்கும் துப்பாக்கிச் சான்றிதழ் பெற வேண்டும். அது ஐந்தாண்டு செல்லும். பொதுவான உரிமமாக அது தரப்படுவதில்லை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தகுந்த காரணம் காட்ட வேண்டும், வைத்திருக்கக்கூடிய தோட்டாக்களின் எண்ணிக்கையும் அதிலேயே குறிக்கப்படும். குடும்ப மருத்துவரிடமிருந்து உடல்நல, மனநல விவரமும் கேட்கப்படும். குடிபெயர்ந்தோர் தடுமாறும் இடம் பரிந்துரையாளர் விதி. விண்ணப்பதாரரைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாக நேரில் அறிந்த, பிரிட்டனில் வசிக்கும் இருவர் அவருடைய குணநலனுக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும். நெருங்கிய உறவினர் கூடாது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ முப்பது ஆண்டுப் பழக்கமுள்ள நண்பர் இருந்தும் பயனில்லை. இறங்கிய மாதமே விண்ணப்பிக்கத் துடிப்பவருக்கு இது எரிச்சலூட்டலாம். ஆனால் ஒருவரை அறிய அக்கம்பக்கத்தாருக்குக் காலம் தேவை என்பதை ஏற்கும் எவருக்கும் இந்த விதி நியாயமாகவே படும். அந்த இரண்டு ஆண்டுகளைச் சங்கத்தில் சுட்டுக் கழித்தால், பரிந்துரைக்க ஆட்களும் அங்கேயே கிடைத்துவிடுவார்கள்.

காவல்துறை அலுவலர் வீட்டுக்கு வந்து, ரைஃபிள் வைக்கும் இரும்புப் பெட்டி சுவரோடு இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். சாவி இருக்கும் இடம் சான்றிதழ்தாரரைத் தவிர வேறு யாருக்கும், மனைவிக்கோ கணவருக்கோ கூட, தெரியக் கூடாது. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளர் சம்மதம் வேண்டும். அறையைப் பிறரோடு பகிர்ந்துகொள்பவருக்கு இது நடக்காத காரியம். அத்தகையோர் கட்டணம் செலுத்திப் பிஸ்லி போன்ற இடங்களின் ஆயுதக் காப்பறையில் வைத்துக்கொள்வது நல்லது. முகவரி மாறினால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பன்னிரண்டு மாதம் சுடுதளத்துக்கே வராத சான்றிதழ்தாரரைப் பற்றிச் சங்கம் காவல்துறைக்குத் தெரிவிக்கவும் கடமைப்பட்டிருக்கிறது.

பிரிவுகள்

தொடக்கக்காரர் அறிய வேண்டியவை இரண்டு. ‘டார்கெட் ரைஃபிள்’ மரபான பிரிவு: .308 அல்லது .223 விட்டத் தோட்டா, ஊசித்துளை வழியாகக் குறிபார்க்கும் கருவி, கையோடு ரைஃபிளைப் பிணைக்கும் தோல்வார், படுத்த நிலை. தொலைநோக்கியும் தாங்கியும் கூடாது. ‘எஃப் கிளாஸ்’ பிரிவு கனடாவின் ஜார்ஜ் ஃபர்குவார்சனிடமிருந்து பிறந்தது. பெயரின் முதலெழுத்தும் அவருடையதே. வயதால் கண்ணும் தோளும் தளர்ந்தவர்கள் ஒதுங்கிப்போகாமலிருக்கத் தொலைநோக்கியும் தாங்கியும் அனுமதிக்கப்பட்டன. இன்று அது இளையோரும் திரண்டு வரும் தனி விளையாட்டாகிவிட்டது. அதன் நடுவட்டமும் சிறியது. இவை தவிர, 1000 முதல் 1200 கெஜம் வரை சுடும் ‘மேட்ச் ரைஃபிள்’ பிரிவில் சிலர் மல்லாந்து படுத்துக் கால்மேல் துப்பாக்கியை வைத்தும் சுடுகிறார்கள்.

அமெரிக்காவில் பழகியவர் இங்கே ஒரு வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அங்கே ஒருவர் தனக்குரிய நேரத்துக்குள் தொடர்ந்து சுடலாம். ஒரே மாதிரியான காற்றுக்காகக் காத்திருக்கவும் செய்யலாம். பிரிட்டனில் ஒரே இலக்கை இருவரோ மூவரோ பகிர்ந்து, மாறிமாறிச் சுடுவார்கள். ஒவ்வொருவரும் மற்றவரின் புள்ளியை எழுதுவார். தன் முறை வந்ததும் 45 நொடிக்குள் சுட்டாக வேண்டும் என்பதால் காற்றுக்காகக் காத்திருக்க வழியில்லை.

காற்று

.308 ரைஃபிளின் 155 கிரெய்ன் குண்டின் எடை ஏறத்தாழ பத்து கிராம். நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்பும் அது, ஆயிரம் கெஜத்தைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை நொடி எடுத்துக்கொள்கிறது. போய்ச் சேரும்போது ஒலியின் வேகத்தை விடச் சற்றே அதிக வேகம் எஞ்சியிருக்கும். அதற்குக் கீழே போனால் குண்டு தள்ளாடத் தொடங்கும். ஒன்றரை நொடிக்குள் புவியீர்ப்பு அதைப் பல அடி கீழிழுத்துவிடுகிறது. நூறு கெஜத்துக்குச் சரிசெய்த குறியை அப்படியே வைத்து ஆயிரம் கெஜத்தில் சுட்டால், குண்டு சுமார் முப்பது அடி கீழே போய் விழும். இது பெரிய சிக்கல் அல்ல, ஏனெனில் புவியீர்ப்பு மாறுவதில்லை. ஒருமுறை குறித்துவைத்த ஏற்றக் கணக்கு அடுத்த வாரமும் கிட்டத்தட்டப் பொருந்தும்.

மாறுவது காற்று. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, இதே குண்டை ஆயிரம் கெஜத்தில் ஏழெட்டு அடி பக்கவாட்டில் தள்ளிவிடும். காற்று இரண்டு கிலோமீட்டர் வேகம் கூடினாலோ குறைந்தாலோ, நடுவில் விழ வேண்டிய குண்டு வட்டத்தின் விளிம்புக்குப் போய்விடும். அந்த அளவு மாற்றத்தை முகத்தில் உணரவே முடியாது.

சுடுபவர் மூன்றைப் பார்க்கிறார். முதலாவது, தளம் நெடுகிலும் கம்பங்களில் பறக்கும் கொடிகள். காற்று வேகம் கூடக் கூடக் கொடி கம்பத்திலிருந்து விலகி நிமிரும். அந்தக் கோணமே அளவுகோல். இரண்டாவது திசை. சுடும் நேர்கோட்டுக்குச் செங்குத்தாக வீசினால் முழு விளைவு. முப்பது பாகைச் சாய்வில் வந்தால் பாதி. நேர் எதிரே வந்தால் பக்கவாட்டில் ஏதும் இல்லை. ஆனால் நேரெதிர்க் காற்றுதான் மிகவும் ஆபத்தானது. அது சிறிது இடமோ வலமோ திரும்பினாலும் தள்ளும் பக்கமே மாறிவிடும். மூன்றாவது கானல். வெயிலில் தரையிலிருந்து எழும் அலையைத் தொலைநோக்கியில், இலக்குக்குச் சற்று முன்னால் குவியம் வைத்துப் பார்த்தால், கொடி அசையாத மென்காற்றுகூட எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும்.

பார்த்ததைக் குறிகருவியின் திருகில் ஏற்ற வேண்டும். அளவை ‘மினிட்’: ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. ஆயிரம் கெஜத்தில் ஒரு மினிட் பத்தரை அங்குலத்துக்குச் சமம். பெரும்பாலான கருவிகள் கால் மினிட்டுக்கு ஒரு சொடுக்கு நகரும். ஒவ்வொரு சுடுதலுக்கும் முன்பு எத்தனை மினிட் வைத்தார், குண்டு எங்கே விழுந்தது என்பதைச் சுடுபவர் தாளில் வரைந்துகொண்டே வருவார். புதியவர் தவறவிடக் கூடாத பழக்கம் இதுதான். நடுவில் விழுந்த குண்டுக்கும் காற்று என்ன செய்தது என்று எழுதிவைத்தவர்தான் முன்னேறுகிறார். தவறியதை மட்டும் எழுதுபவர் பாதிப் பாடத்தை இழக்கிறார்.

கருவிகளும் முதல் போட்டியும்

முதலில் வாங்க வேண்டியவை காதுக்காப்பு, படுக்கும் பாய், தடித்த சுடுதல் சட்டை, கையுறை. உடம்போடு பொருந்த வேண்டியவை என்பதால் இவற்றை இரவல் வாங்கிச் சமாளிப்பது கடினம். ரைஃபிளைச் சங்கத்திலிருந்து எடுக்கலாம். பிறகு வாங்கும்போதும் நன்கு பராமரித்த பழையதே போதும். குழல் சில ஆயிரம் சுடுதலுக்குப் பின் தேய்ந்துவிடும் என்பதால் அதை மட்டும் விசாரித்து வாங்க வேண்டும். வீட்டிலேயே தோட்டா தயாரிக்கும் கலை பலரை ஈர்க்கிறது. காற்றைக் கணிக்கத் தெரியாதவருக்கு அது புள்ளியைக் கூட்டித்தராது.

குளிர்காலத்தில் பல ஊர்களில் உள்ளரங்கில் 25 கெஜத்தில் .22 ரைஃபிள் சுடும் சங்கங்கள் இயங்குகின்றன. படுக்கும் நிலை, வாரின் இறுக்கம், மூச்சை அடக்கி விசையை அழுத்தும் முறை எல்லாம் நெடுந்தொலைவுக்கும் அவையேதான். செலவும் குறைவு. அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே உடலைப் பழக்கிவிட்டு, வசந்தத்தில் பெரிய தளத்துக்குப் போவது நல்ல வழி. பிஸ்லிக்கு லண்டன் வாட்டர்லூவிலிருந்து புரூக்வுட் நிலையம் வரை ரயிலில் போகலாம். வடக்கே இருப்போருக்கு ஓல்டம் அருகே டிகிளில் ஆயிரம் கெஜத் தளம் உண்டு; ஸ்காட்லாந்தில் பிளேர் ஆதல், பாரி பட்டன் ஆகியவை இருக்கின்றன.

அரசர் பரிசின் முதல் சுற்றில் 300, 500, 600 கெஜங்களில் தலா ஏழு சுடுதல். இறுதிச் சுற்றில் 900, 1000 கெஜங்களில் தலா பதினைந்து; ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி வீதம் உச்சம் 150. வென்றவரை நாற்காலியில் அமர்த்தித் தோளில் தூக்கிச் செல்வார்கள். புதியவர் அதை முதல் இலக்காகக் கொள்வதை விட, சங்கங்களுக்கிடையிலான அணிப் போட்டியில் இடம் கேட்பது பயன்தரும். அணிப் போட்டியில் சுடுபவர் காற்றைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பின்னால் தொலைநோக்கியோடு அமர்ந்திருக்கும் காற்றுப் பயிற்றுநர்தான் ஒவ்வொரு சுடுதலுக்கும் குறிகருவியின் பக்கத்திருகை மாற்றிவைப்பார். கொடி எப்படி இருந்தபோது அவர் எத்தனை மினிட் வைத்தார் என்று கவனித்துக்கொண்டே சுடுபவருக்கு, தனியே பல மாதம் முயன்றாலும் கிடைக்காத பாடம் ஒரே பிற்பகலில் கிடைக்கும். சுட்டு முடித்த பின் அவரிடம் காரணம் கேட்கலாம். பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு விளக்குவார்கள்.